கடல் கடந்தாலும் கடமை தீராது: பராமரிப்புத் தொகையைப் பெறுவது எப்படி?

குடும்பச் சட்டம் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும், நம்மவர்கள் நடுவே கடைசியில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "பிள்ளைகளுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரோ வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். இனி அந்தத் தீர்ப்பு வெறும் காகிதம்தானா?"

இல்லை, அது வெறும் காகிதம் அல்ல. ஆனால் அந்தக் காகிதம் தானாகக் கடல் தாண்டாது. அதை உரிய வழியில் அனுப்பிவைக்க வேண்டும். எப்படி அனுப்புவது, எங்கே சிக்கிக்கொள்ளும், அது சிக்காமல் இருக்க முன்கூட்டியே என்ன செய்யலாம் என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

சிராங்கூன் ரோட்டிலும் பஃபலோ ரோட்டிலும் ஞாயிற்றுக்கிழமை மாலை வேளையில் பணம் அனுப்பும் கடைகளின் முன் நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் வருமானம், அந்தப் பக்கம் குடும்பம் என்று வாழ்வது நமக்குப் புதிதல்ல. சிலரது வாழ்க்கையில் அது தலைகீழாகிறது. குடும்பம் இங்கே தங்கிவிடுகிறது, சம்பாதிப்பவர் வெளியேறிவிடுகிறார். பணத்தை அனுப்பினால் சில நிமிடங்களில் சென்னை போய்ச் சேருகிறது. நீதிமன்ற ஆணைக்கு அந்த வேகம் கிடையாது. ஒரு நாட்டு நீதிமன்றத்தின் சொல் இன்னொரு நாட்டில் செல்லுபடியாக வேண்டுமானால், அந்த நாட்டுச் சட்டம் அதற்குக் கதவைத் திறந்துவிட வேண்டும்.

யாருக்கு யார் கடமைப்பட்டவர்?

முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம்தான் இதற்கு ஆதாரம். மனைவியைப் பராமரிக்கத் தவறும் கணவர்மீது மனைவி விண்ணப்பிக்கலாம். அதற்காக அவர் மணவிலக்குக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. மணவாழ்க்கை சட்டப்படி நீடிக்கும்போதே கேட்கலாம். 2016இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, உடல்நலக் குறைவால் உழைக்க முடியாத கணவரும் மனைவியிடம் கேட்க வழி உண்டு.

பிள்ளைகளின் உரிமை இதைவிடப் பெரியது. பெற்றோர் மணமுடித்தவர்களா இல்லையா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. பொதுவாக 21 வயது வரை பராமரிப்புப் பெறலாம். படிப்பு, தேசிய சேவை, உடற்குறை போன்ற காரணங்கள் இருந்தால் அதற்கு மேலும் நீட்டிக்கலாம்.

முஸ்லிம் குடும்பங்களில் மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்தின் பொறுப்பு. ஆனால் மணவாழ்க்கை நீடிக்கும்போது மனைவிக்கும், எப்போதும் பிள்ளைகளுக்கும் உரிய பராமரிப்பை மாதர் சாசனத்தின் கீழ் குடும்ப நீதிமன்றத்திலேயே கேட்கலாம். இந்த விவரம் தெரியாமல் அலைபவர்கள் உண்டு.

அவர் இங்கே இருக்கும்போது

ஆள் சிங்கப்பூரில் இருக்கும்வரை நீதிமன்றத்தின் கை நீளமானது. சம்பளத்திலிருந்து பிடித்து நேராக அனுப்பும்படி முதலாளிக்கு ஆணையிடலாம். வங்கியில் உள்ள பணத்தின்மீது ஆணை பிறப்பிக்கலாம். இனிமேலும் தவறாமல் இருக்க வங்கி உத்தரவாதம் கேட்கலாம். சமூக சேவை செய்ய வைக்கலாம். கட்டாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறையில் அடைக்கவும் முடியும்.

2025 ஜனவரியில் இதில் ஒரு முக்கிய மாற்றம் வந்தது. முன்பெல்லாம் அவரிடம் பணம் இருக்கிறது என்று காட்டும் சுமை பெரும்பாலும் விண்ணப்பிக்கும் பெண்ணின் தலையில் விழுந்தது. இப்போது சட்ட அமைச்சின் பராமரிப்பு அமலாக்க அதிகாரிகள் இரு தரப்பின் வருமானம், சொத்து விவரங்களைத் திரட்டுகிறார்கள். கட்ட முடியாதவர் வேறு, கட்ட மறுப்பவர் வேறு என்று பிரித்துப் பார்ப்பதே இதன் நோக்கம். உண்மையிலேயே வேலை இழந்தவர் தொகையைக் குறைக்கும்படி நீதிமன்றத்தில் கேட்கலாம். அவர் செய்யக்கூடாதது ஒன்றுதான்: சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டு விமானம் ஏறுவது.

அவர் விமானம் ஏறிவிட்டால்?

இந்தக் கைகள் எல்லாம் சிங்கப்பூர்க் கரையோடு நின்றுவிடும். சென்னையில் உள்ள முதலாளிக்கு இங்குள்ள நீதிமன்றம் ஆணையிட முடியாது. கோயம்புத்தூரில் உள்ளவரை இங்கிருந்து பிடியாணை கொண்டு பிடிக்க முடியாது. அப்போது துணைக்கு வருவது நூறு வயதைத் தாண்டிய ஒரு சட்டம்.

பிரிட்டிஷ் பேரரசின் காலத்தில் மனைவி மக்களை விட்டுவிட்டுக் கப்பலேறி வேறொரு காலனிக்குப் போய்ப் புது வாழ்க்கை தொடங்கியவர்கள் ஏராளம். அவர்களை விரட்டிப் பிடிக்க 1920இல் பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு நாட்டில் கொடுத்த பராமரிப்பு ஆணையை இன்னொரு நாட்டு நீதிமன்றம் தன் ஆணையைப் போல் ஏற்றுக்கொண்டு வசூலிக்க வேண்டும், அதற்குப் பதில் மரியாதையும் கிடைக்கும் என்பதே அதன் சாரம். அதே அச்சில் வார்த்த சட்டங்கள் அடுத்த ஆண்டே பல இடங்களில் வந்தன. சிங்கப்பூரின் பராமரிப்பு ஆணைகள் அமலாக்க வசதிச் சட்டம் 1921ஆம் ஆண்டினது. இந்தியாவின் பராமரிப்பு ஆணைகள் அமலாக்கச் சட்டமும் 1921ஆம் ஆண்டினதே. இலங்கையும் அதே ஆண்டில் தனது சட்டத்தை இயற்றியது. மலாயாவில் 1949இல் வந்தது. பேரரசு போய்விட்டது. இந்த அண்ணன் தம்பிச் சட்டங்கள் மட்டும் இன்னும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன.

சிங்கப்பூரில் 1975இல் இன்னொரு சட்டமும் வந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் போன்ற நாடுகளுடனான பராமரிப்பு வழக்குகள் அதன் வழியே போகின்றன. இரண்டு சட்டங்களுக்கும் தனித்தனி நாட்டுப் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியல் அரசாங்க அறிவிப்பால் அமைவது, மாறக்கூடியது. ஆகவே நீதிமன்றப் பதிவகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அவர் இருக்கும் நாடு பட்டியலில் உண்டா, எந்தச் சட்டத்தின் கீழ்?" என்பதுதான்.

இரண்டு பாதைகள்

1921ஆம் ஆண்டு வகைச் சட்டங்களில் இரண்டு பாதைகள் உள்ளன. இன்றைய பேச்சின் மையமே இந்த வேறுபாடுதான்.

முதல் பாதை, பதிவு. கணவர் இங்கே இருந்தபோதே அழைப்பாணை பெற்று, வழக்கு நடந்து, ஆணை பிறந்துவிட்டது. அதன்பின் அவர் வெளியேறுகிறார். அந்த ஆணையின் சான்றளித்த நகல் இங்குள்ள அரசாங்கம் வழியாக அந்த நாட்டு அரசாங்கத்துக்குப் போகும். இந்தியாவானால் மத்திய அரசு அதைப் பெற்று உரிய நீதிமன்றத்துக்கு அனுப்பும். அங்கே அது பதிவேட்டில் ஏறியதும், அந்த நீதிமன்றமே கொடுத்த ஆணையைப் போன்ற வலிமை பெறுகிறது. வழக்கை மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டியதில்லை.

இரண்டாவது பாதை, உறுதிப்படுத்தல். கணவர் போன பிறகுதான் மனைவி நீதிமன்றப் படி ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இல்லாமலே இங்குள்ள நீதிமன்றம் சாட்சியம் கேட்டு ஓர் ஆணை பிறப்பிக்கலாம். ஆனால் அது தற்காலிக ஆணைதான். அங்குள்ள நீதிமன்றம் உறுதிசெய்யும்வரை அதற்கு உயிர் கிடையாது. மனைவியின் வாக்குமூலம் எழுத்து வடிவில் அங்கே போகும். கணவர் என்னென்ன காரணம் சொல்லி எதிர்க்கலாம் என்ற அறிக்கையும் கூடவே போகும். அங்குள்ள நீதிமன்றம் அவரை அழைத்து விசாரிக்கும். இங்கே வழக்கில் நேரில் இருந்திருந்தால் என்ன எதிர்வாதம் வைத்திருக்கலாமோ அதை மட்டுமே அவர் வைக்க முடியும். நீதிமன்றம் ஆணையை அப்படியே உறுதிசெய்யலாம், தொகையை மாற்றலாம், "இன்னும் கொஞ்சம் சாட்சியம் தேவை" என்று இங்கே திருப்பியும் அனுப்பலாம். ஒவ்வொரு முறை திருப்பி அனுப்பும்போதும் கோப்பு இரண்டு அரசாங்கங்களின் மேசைகளையும் தாண்டி வர வேண்டும்.

எளிமையாகச் சொன்னால், முதல் பாதையில் முடிந்துபோன வழக்கு பயணம் செய்கிறது. இரண்டாவது பாதையில் முடியாத வழக்கு பயணம் செய்கிறது. எது சீக்கிரம் போய்ச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே "அவர் ஊருக்குப் போகப்போகிறார் போலிருக்கிறது" என்ற எண்ணம் எழும்போதே விண்ணப்பியுங்கள். வேலை அனுமதி முடியப்போகிறது, வேறு நாட்டில் வேலை தேடுகிறார், சேமிப்பை எல்லாம் ஊருக்கு மாற்றுகிறார் என்றால் அவை எச்சரிக்கை மணிகள். அவர் நிரந்தரவாசியாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். நிரந்தரவாசத்தைக் கைவிட்டு ஒரேயடியாக வெளியேறுபவர் மத்திய சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். அந்தப் பணம் போன பிறகு இங்கே பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. மணவிலக்கு வழக்கில் சேமநிதியும் பங்கீட்டுக்கு உரிய சொத்துத்தான். எனவே வழக்கறிஞரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆணையில் என்ன எழுதியிருக்க வேண்டும்?

பழைய சட்டத்தில் ஒரு சிறு முள் உண்டு. இந்தியாவின் 1921ஆம் ஆண்டுச் சட்டம், மனைவிக்கோ சார்ந்திருப்பவர்களுக்கோ குறித்த காலம்தோறும் கொடுக்கும் தொகையைத்தான் "பராமரிப்பு ஆணை" என்று சொல்கிறது. மொத்தமாக ஒரே தடவையில் கொடுக்கும் தொகை அதில் அடங்காது. மணமாகாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைக்குத் தந்தையை நிர்ணயித்துப் பிறப்பிக்கும் ஆணையையும் அது வெளிப்படையாக விலக்கிவைத்திருக்கிறது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம்: வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிவரும் என்று தெரிந்தால், ஆணையில் "மாதம் இவ்வளவு வெள்ளி, இந்தத் தேதிக்குள்" என்று தெளிவாக இருக்கட்டும். மனைவிக்கு எவ்வளவு, ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கட்டும். "பள்ளிச் செலவை அவர் பார்த்துக்கொள்வார்" என்பது போன்ற வாசகம் வீட்டுக்குள் சரி. கடல் தாண்டி வசூலிக்க அது உதவாது.

அங்கே மனைவி, இங்கே கணவர்

நம் சமூகத்தில் இதன் மறுபக்கமும் பெரிது. மனைவி தஞ்சாவூரில், கணவர் ஜூரோங்கில். ஒரு நாள் பணம் நின்றுவிடுகிறது, தொலைபேசி எண்ணும் மாறிவிடுகிறது.

தமிழ்நாட்டில் நாம் ஜீவனாம்சம் என்று சொல்வதைக் கேட்கும் வழி முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக மாறியிருக்கிறது. மனைவி தான் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கணவர் இருக்கும் ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இரண்டு முக்கியமான வழிகாட்டுதல்களைத் தந்தது. இரு தரப்பும் வருமானம், சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். பராமரிப்பை மனு கொடுத்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும். ஆகவே வழக்கு எத்தனை மாதம் இழுத்தாலும் மனு கொடுத்த தேதி உங்கள் பக்கம் நிற்கும்.

அங்கே பெற்ற ஆணையை இதே சட்டப் பாலம் வழியாக இங்கே அனுப்பிப் பதியலாம். பதிந்துவிட்டால் சம்பளப் பிடித்தம் உட்பட இங்குள்ள கருவிகள் அதற்கும் பயன்படும். கணவர் விடுமுறையில் ஊருக்கு வரும்போதே அவருக்கு அழைப்பாணை சேர்ந்துவிட்டால், முன்பு சொன்ன முதல் பாதைக்கான வாய்ப்பு கூடுகிறது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வருகிறார் என்றால் அந்தத் தேதியை வழக்கறிஞருக்குச் சொல்லுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. கணவர் இங்கே வசிப்பதால் மனைவி சிங்கப்பூர் நீதிமன்றத்திலேயே விண்ணப்பிப்பது. மாதர் சாசனம் மனைவியிடம் குடியுரிமைச் சான்று கேட்பதில்லை. ஆனால் பயணம், தங்குமிடம், வழக்குச் செலவு எல்லாவற்றையும் கணக்குப் பார்க்க வேண்டும்.

இந்தியக் குடிமகனான கணவர் அங்குள்ள நீதிமன்றத்தின் அழைப்பாணையையும் பிடியாணையையும் தட்டிக் கழித்தால், 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் கீழ் அவரது கடவுச்சீட்டை முடக்கவும் இடம் இருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்குக் கடவுச்சீட்டுத்தான் உயிர்நாடி. ஒரு கடுமையான கடிதம் செய்யாததை இது சில வேளைகளில் செய்துவிடும்.

பெரியவர்கள் பேசட்டும், காலம் ஓடக் கூடாது

"நீதிமன்றம் எதற்கு, பெரியவர்களை வைத்துப் பேசிக்கொள்வோம்" என்பது நம் வழக்கம். பேசுவது நல்லதுதான். பல குடும்பங்கள் பேசித்தான் சேர்ந்திருக்கின்றன. ஆனால் பேச்சு நடக்கும்போது சட்டத்தின் கடிகாரம் நிற்பதில்லை.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். தமிழ்நாட்டு நீதிமன்றம் மாதம் 10,000 ரூபாய் என்று ஆணையிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 மாதங்களாகப் பணம் வரவில்லை. மாமா ஒருவர், சித்தப்பா ஒருவர் என்று ஆள் மாற்றி ஆள் பேசிக்கொண்டிருந்தார்கள். நிலுவை ஒன்றரை லட்சம் ஆகிவிட்டது. ஆனால் 144ஆம் பிரிவின்படி, ஒரு தொகை கட்டவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூலுக்கு மனு கொடுத்தாக வேண்டும். ஆகவே முதல் மூன்று மாதத் தொகையை அந்த வழியில் கேட்க முடியாது. முப்பதாயிரம் ரூபாய் பேச்சிலேயே கரைந்துவிட்டது. சிங்கப்பூரிலும், மணவிலக்கோடு வந்த ஆணையின் நிலுவை மூன்றாண்டுக்கு மேல் பழையதானால், சிறப்புக் காரணம் காட்டி நீதிமன்றத்தின் அனுமதி பெற்றால்தான் கேட்க முடியும்.

எனவே மனுவைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். பேச்சில் உடன்பாடு வந்தால் அதை எழுத்தில் வாங்கி, நீதிமன்றத்தில் இணக்க ஆணையாகப் பதிந்துகொள்ளுங்கள். வாய்ச் சொல்லை எந்த நாட்டுக்கும் அனுப்பிப் பதிய முடியாது.

கோப்பில் என்ன இருக்க வேண்டும்?

முதலாவது, திருமணச் சான்று. "இவர் என் மனைவியே அல்ல" என்பதுதான் பல கணவர்கள் எடுக்கும் முதல் ஆயுதம். சிங்கப்பூரில் கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, சட்டப்படியான பதிவும் வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது. பதியாமல் விட்டவர்கள் பத்திரிகை, படங்கள், சாட்சிகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஒரு நாட்டுச் சான்றிதழ் இன்னொரு நாட்டில் செல்லுபடியாக அப்போஸ்டில் என்ற முத்திரை உதவும். இந்தியா 2005இலேயே அந்த உடன்பாட்டில் சேர்ந்துவிட்டது. சிங்கப்பூரில் அது 2021 செப்டம்பர் 16 முதல் நடப்பில் உள்ளது.

இரண்டாவது, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். மூன்றாவது, பணம் வந்த கணக்கு. எந்த மாதம் எவ்வளவு வந்தது, எப்போது நின்றது என்று வங்கி ஏட்டோடு ஒரு தாளில் எழுதிவையுங்கள். "கையில் கொடுத்தேன்" என்ற வாதத்துக்கு அதுதான் பதில். கொடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். நேர்மையாகக் கட்டும் கணவர்களே, ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகக் கொடுங்கள்.

நான்காவது, முகவரி. இதுதான் பெரும்பாலும் கோப்பின் பயணத்தை நிறுத்தும் இடம். ஆணை அங்கே போய்ச் சேர்ந்தாலும் ஆளைக் காணவில்லை என்றால் அழைப்பாணை திரும்பிவிடும். அவரது ஊர் முகவரி, பெற்றோர் முகவரி, வேலையிடம், கடவுச்சீட்டு எண், அண்மைய புகைப்படம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். உறவு நன்றாக இருக்கும் காலத்திலேயே இவற்றின் நகலை வைத்திருப்பதில் தவறு ஒன்றும் இல்லை.

பட்டியலில் இல்லாத நாடு என்றால்?

உலக அளவில் 1956ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்பாடும், 2007ஆம் ஆண்டின் ஹேக் உடன்பாடும் இருக்கின்றன. இலங்கை முதலாவதில் உறுப்பினர். சிங்கப்பூரும் இந்தியாவும் இவ்விரண்டிலும் சேராததால், நமக்கு முன்பு சொன்ன பழைய பாலமே முக்கியம். பாலம் இல்லாத நாட்டுக்கு ஒருவர் போய்விட்டால், அந்த நாட்டு நீதிமன்றத்தில் புதிதாக வழக்குப் போட வேண்டிவரும். இல்லையேல் இங்கே அவருக்கு மிச்சம் இருக்கும் வீடு, வங்கிக் கணக்கு, இங்குள்ள நிறுவனம் கொடுக்கும் சம்பளம் ஆகியவற்றின்மீது கண் வைக்க வேண்டும். ஆள் போனாலும் சொத்து எல்லா நேரமும் கூடவே போய்விடுவதில்லை.

எங்கே போய்க் கேட்பது?

சிங்கப்பூரில் விண்ணப்பங்கள் ஹேவ்லாக் ஸ்குவேரில் உள்ள குடும்ப நீதிமன்றத்துக்குப் போகின்றன. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வசதி குறைந்தவர்களானால் சட்ட அமைச்சின் சட்ட உதவிப் பிரிவை நாடலாம். மற்றவர்களுக்கு இலவசச் சட்ட ஆலோசனை முகாம்கள் உண்டு. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் பீட்டி ரோட்டில் உள்ள சிண்டாவில் தமிழிலேயே மனம்விட்டுப் பேசலாம். கைவிடப்பட்ட இந்தியக் குடிமக்கள் இந்தியத் தூதரகத்தை அணுகலாம்.

தமிழ்நாட்டில் இருக்கும் பெண்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாடுவாழ் இந்தியர் திருமணச் சிக்கல்களுக்கென்றே தனிப் பிரிவும் இருக்கிறது.

நேயர்களே, இந்தப் பணம் யாருக்கும் தரும் தர்மம் அல்ல. பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, மின்கட்டணம் எதுவும் தந்தை திரும்பி வரும்வரை காத்திருப்பதில்லை. சட்டம் மெதுவாக நடக்கிறது என்பது உண்மை. அதனால்தான் நாம் சீக்கிரமாகக் கிளம்ப வேண்டும். பணம் நின்ற முதல் மாதமே கணக்கை எழுதுங்கள். இரண்டாவது மாதம் அவர் இன்னும் இந்த ஊரில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருக்கிறார் என்றால் அந்த வாரமே நீதிமன்றத்துக்குப் போங்கள்.